புள்ளி விழாத மாவு

மார்ச் 6

அன்புள்ள சிட்டுவுக்கு,

நலமறிய ஆவல் என்று எழுதிவிட்டு அடித்துவிட்டேன். நீ நலமாக இல்லை என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே கேட்பது பாவனை.

போன் செய்தால் நீ எடுப்பதில்லை. என் தம்பிதான் எடுத்து, "தூங்கறாக்கா" என்கிறான். காலை பதினோரு மணிக்கும் தூங்குகிறாய், மாலை ஐந்துக்கும் தூங்குகிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் வந்தால் அதனிடம் போய் யாரும் தூங்குகிறாள் என்று சொல்ல முடியாதே.

குழந்தையை அடக்கம் செய்த அன்று நான் வரவில்லை. எனக்குக் காய்ச்சல். தவிர, மில்லில் லீவும் தரவில்லை. புது இயந்திரம் பொருத்துகிறார்கள், பரிசோதனை அறையில் நான் ஒருத்திதான். பதினோரு நாளும் நீ அவள் பக்கத்தைவிட்டு எழுந்திருக்கவில்லை என்று தம்பி சொன்னான். முதுகில் கட்டு இருந்ததால் மடியில் போட்டுக்கொள்ள முடியாமல், குப்புறக் கிடந்தவளின் விரலை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாயாமே. இதைக் கேட்டதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அம்மா இன்னும் சில மாதம் உங்களோடு இருப்பாள் போலிருக்கிறது. அவள் வாய்க்குத் தாழ்ப்பாள் கிடையாது. என்னை நாற்பத்தாறு வருடமாகப் பேசுகிறாள், நான் இன்னும் உயிரோடுதான் இருக்கிறேன். நீயும் காதில் போட்டுக்கொள்ளாதே.

இன்னொரு சின்ன விஷயம். மில்லில் எங்களுக்கு இரண்டு மாதத்துக்கு ஒரு மூட்டை மாவு தருவார்கள் அல்லவா, போன ஏப்ரல் கடைசியில் உங்களுக்கு லாரியில் ஒன்று அனுப்பினேன். அந்தச் சாக்கு இருக்கிறதா? வாய் தைத்த இடத்துக்குக் கீழே கறுப்பு மையில் ஆறு எண் அச்சடித்திருக்கும். முதல் மூன்று எண் போதும். அலுவலக வேலைக்காகத்தான் கேட்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை. அடுத்த கடிதத்திலேயே எழுதிவிடு.

அக்கா


மார்ச் 15

அக்கா,

டிக்கெட் கவுண்டரில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவள் நான். பஸ்ஸை விட்டவர்களில் உண்மை சொல்கிறவர் ஒரே ஒரு காரணம்தான் சொல்வார். காய்ச்சல், அதற்கு மேல் லீவு என்று இரண்டு சொல்கிறவரிடம் நான் மேற்கொண்டு கேட்பதில்லை. அடுத்த ஆள் என்று கூப்பிட்டுவிடுவேன்.

உங்களிடம் அப்படிச் செய்ய முடியவில்லை. ஜன்னல் ஓர சீட்டுக்காக அந்தக் கவுண்டரில் என்னிடம் அரை மணி நேரம் வாதாடிவிட்டு, மறுவாரம் உங்கள் தம்பியைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டு வந்தவர் நீங்கள். என்னை இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தவர் என் குழந்தையை வழியனுப்ப வரவில்லை. வருத்தம் என்று எழுதினால் பொய். கோபம்தான்.

போன திங்கள்கிழமை வேலைக்குத் திரும்பினேன். நாள் முழுக்க நான் அதிகமாகச் சொல்கிற வாக்கியம் எது தெரியுமா? "கைக்குழந்தைக்கு டிக்கெட் இல்லைங்க." முதல் நாளே நாற்பது தடவை சொல்லியிருப்பேன். மதியத்துக்கு மேல் ஒரு குழந்தை வரிசையில் அழுதது. எனக்குப் பால் கட்டி ரவிக்கை நனைந்துவிட்டது. ஐந்து வாரம் ஆகிறது, உடம்புக்கு இன்னும் சேதி போகவில்லை. பக்கத்துக் கவுண்டர்காரி தன் ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடுத்தாள். போட்டுக்கொண்டு மீதி வரிசைக்கும் டிக்கெட் கிழித்தேன்.

வீட்டில் வேறு ஒன்று நடந்தது. யாரிடமும் சொல்லவில்லை. ரொட்டிக்கு மாவு பிசைந்து ஈரத் துணி போட்டு மூடி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் துணிக்கு அடியில் முதுகு மாதிரி மேடாக இருந்தது. மூச்சு முட்டுமே என்று ஓடிப்போய்த் துணியை எடுத்துவிட்டேன். கையை வைத்துத் தட்டிக்கூடக் கொடுத்தேன் அக்கா. வெதுவெதுப்பாக இருந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ, அத்தை வந்து, "மாவு காயுது பாரு" என்றபோதுதான் நினைவு வந்தது. அதிலிருந்து நான் மாவில் கை வைப்பதில்லை. அத்தைதான் பிசைகிறார். நான் அந்தப் பக்கம் திரும்பாமல் வெங்காயம் நறுக்குகிறேன். அழுதால் வெங்காயத்தின்மேல் பழி போடலாம்.

அத்தையிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. குழந்தை ஏன் அப்படிப் பிறந்தது என்பதற்கு முந்தாநாள் வரை பதினான்கு காரணம். நான் ஸ்டூல்மேல் ஏறியது, ஐந்தாம் மாதம் வரை வேலைக்குப் போனது, குப்புறப் படுத்தது, என் அம்மா வீட்டு ரத்தம். பதினைந்தாவதாக நேற்றுச் சேர்ந்தது, நான் வாய்விட்டுச் சிரித்தது. உங்கள் தம்பி தட்டைப் பார்த்துச் சாப்பிடுகிறார். பட்டியலில் எதையாவது நம்புகிறாரோ என்று நான் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் நம்புகிறேனா என்று அவரும் பார்ப்பதில்லை. அந்த ஸ்டூல் விஷயம் எனக்கே சந்தேகமாகத்தான் இருக்கிறது.

சாக்கை அத்தை கழுவி மொட்டைமாடித் தொட்டிக்கு மூடியாகப் போட்டிருக்கிறார். ஏறிப் பார்க்கவில்லை. ஒரு குழந்தை செத்த வீட்டுக்கு எழுதும் முதல் கடிதத்தில் எதற்காகச் சாக்கு எண் கேட்கிறீர்கள்?

சிட்டு


மார்ச் 21

அன்புள்ள சிட்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது.

ஸ்டூலில் ஏறியதால் எந்தக் குழந்தைக்கும் முதுகு திறந்து பிறப்பதில்லை. சிரித்ததால் இல்லை. உன் அம்மா வீட்டு ரத்தத்தால் இல்லை. இதை ஒரு துண்டுத் தாளில் தனியாக எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். அம்மாவிடம் படித்துக் காட்டு. அவள் பெண் படித்தவள், மில்லில் வெள்ளைக் கோட்டுப் போட்டு வேலை செய்கிறவள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறாளே, அந்தப் பெண் எழுதியது என்று சொல்.

சில நேரம் யார் தவறும் இல்லாமல் இப்படி நடக்கும். டாக்டரும் அதைத்தான் சொல்லியிருப்பார்.

சத்து மாத்திரை எப்போது ஆரம்பித்தாய்? இரண்டாம் மாதம் என்று தம்பி சொன்ன நினைவு. அது யாரும் செய்வதுதான், உன்மேல் பிழையில்லை. சும்மா கேட்டேன்.

சாக்கு எண் தரக்கட்டுப்பாட்டுக்காக. எல்லா ஊழியர்களிடமும் கேட்கிறோம். முடிந்தால் மாடிக்கு ஒரு நடை போய்ப் பார். தம்பியை அனுப்பினாலும் சரி.

பாலுக்கு முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டினால் வலி குறையும் என்று இங்கே பேக்கிங்கில் இருக்கும் ஒரு பெண் சொன்னாள்.

அக்கா


மார்ச் 30

அக்கா,

துண்டுத் தாளைப் படித்துக் காட்டினேன். "எழுதறது சுலபம்" என்றார் அத்தை.

மாடிக்கு நானே ஏறினேன். எண் கிடைத்தது. இந்தக் கடிதத்தில் எழுதப் போவதில்லை. முதலில் நான் சொல்வதைப் படியுங்கள்.

ஆறாவது வாரம் காட்ட ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தைக்குக் கட்டு மாற்றிய நர்ஸ் இருந்தார். அவரை எல்லோரும் பெரிய சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள், இருபத்திரண்டு வருடம் அந்த வார்டில் இருக்கிறார். என்னை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கேட்டார், "வீட்டுல என்ன மாவும்மா வாங்கறீங்க?"

உலகத்தில் எல்லோரும் என் மாவைப் பற்றியே ஏன் கேட்கிறார்கள்?

உங்கள் மில் பெயரைச் சொன்னேன். அவர் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். "உன்னோட சேர்த்து நாலு. ஜனவரியிலேர்ந்து இந்த வார்டுல முதுகு மூடாம பொறந்தது நாலு. வருஷத்துக்கு ஒண்ணு, மிஞ்சிப்போனா ரெண்டு பாப்பேன். நாலு வீட்லயும் அந்த மாவுதான். அதுதான் எனக்குப் புரியல. அதுல சத்து கலக்கறாங்களே, சாக்குலயே அச்சடிச்சிருக்கே. அது வந்ததுக்கப்புறம்தானே இந்தக் கேஸே குறைஞ்சது."

நான் பெருமையாகச் சொன்னேன், "என் நாத்தனார் அங்கதான் வேலை பாக்கறாங்க. தினமும் அவங்கதான் சோதிச்சுக் கையெழுத்துப் போடறாங்க."

பெரிய சிஸ்டர் நோட்டை மூடினார். பிறகு, "அப்ப அவங்களுக்குத் தெரியுமே" என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

அக்கா, கல்யாணமான புதிதில் கடையில் சல்லிசாகக் கிடைத்த மாவை நான் வாங்கியபோது நீங்கள் திட்டினீர்கள். "நம்ம மாவையே சாப்பிடு, நாளைக்குப் பிள்ளை உண்டாகறப்போ உதவும், உனக்கு நான் அனுப்பறேன்" என்றீர்கள். எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அன்று நான் வெட்கப்பட்டேன்.

அதில் சத்து இருந்ததா, இல்லையா?

சிட்டு


ஏப்ரல் 6

சிட்டு,

இல்லை.

எழுதிவிட்டேன். இந்த ஒரு சொல்லை எழுத ஐந்து நாள் ஆயிற்று. மீதியை நிறுத்தாமல் எழுதுகிறேன்.

மாவு அரைபட்டுக் குழாயில் இறங்குகிற இடத்தில் ஒரு சின்னப் புனல் உண்டு. நம் வீட்டுக் குடத்தைவிடச் சற்றுப் பெரிது, அவ்வளவுதான். அதில் மஞ்சளான சத்துத் தூளைக் கொட்டுவார்கள். இரும்பும் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த தூள். அடியில் ஒரு திருகு சுற்றிச் சுற்றி ஒரு டன் மாவுக்கு ஒரு கையளவு தூளை உதிர்க்கும். அந்தக் கையளவுதான் எல்லாம்.

தூள் விழுகிறதா என்று பார்ப்பது என் வேலை. வெள்ளைத் தட்டில் மாவைப் பரப்பிக் கண்ணாடிச் சில்லால் தட்டையாக்கி, மேலே மருந்தைச் சொட்டவேண்டும். சில நிமிடத்தில் இரும்பு இருக்கும் இடமெல்லாம் சிவப்பாகப் புள்ளி புள்ளியாக எழும்பும். புள்ளி எழும்பினால் இரும்பு உண்டு, இரும்பு இருந்தால் கூடவே மற்றதும் உண்டு. மில்லில் என்னைப் புள்ளி அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நான்தான் விளக்கம் சொல்வேன். "பாப்பா வயித்துல இருக்குன்னு அம்மாவுக்கே தெரியறதுக்கு முன்னால, முதல் நாலு வாரத்துலயே பாப்பாவோட முதுகு மூடிடும். அப்ப இந்தச் சத்து வேணும். தெரிஞ்சப்புறம் மாத்திரை போட்டா அதுக்கு லேட்டு. அதனாலதான் எல்லாரும் சாப்பிடற மாவுலயே கலந்துடறோம்." ஒரு பெண் குழந்தை கை தட்டியது ஒருமுறை.

போன வருடம் ஏப்ரல் 11, காலை முதல் தட்டில் புள்ளி விழவில்லை. மருந்து பழசோ என்று புதிதாகக் கலக்கிச் சொட்டினேன். வெள்ளையாகவே கிடந்தது. புனலில் எட்டிப் பார்த்தேன், காலி.

மேலாளரிடம் போனேன். "தூள் கப்பல்ல வருது, துறைமுகத்துல மாட்டிக்கிச்சு. பத்து நாள்தான். அதுக்காக மில்லை நிறுத்த முடியுமா? ஊருக்கு மாவு வேணாமா? நீங்க வழக்கம்போல எழுதிட்டுப் போங்க" என்றார். "சாக்குல அச்சடிச்சிருக்கே சார்" என்றேன். "பத்து நாள் சத்து இல்லாம சாப்பிட்டா யாரும் செத்துட மாட்டாங்க" என்றார்.

எழுதினேன். 'புள்ளி உண்டு.' கீழே கையெழுத்து.

முதல் நாள் எழுத அரை மணி நேரம் ஆயிற்று. மூன்றாம் நாள் அரை நிமிடம். பத்து நாள் இருபதாயிற்று. அதற்குப் பிறகு போய்ச் சொன்னால், இத்தனை நாள் பொய்யாகக் கையெழுத்துப் போட்டவள் யார் என்று கேட்பார்களே என்ற பயம் வந்துவிட்டது. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைக் காப்பாற்றத்தான் எழுதினேன். ஜூன் 16 வரை, அறுபத்தேழு நாள். பதினேழாம் தேதி தூள் வந்தது, புள்ளி விழுந்தது, எனக்கு ஜுரம் விட்ட மாதிரி இருந்தது. முடிந்துபோயிற்று என்று நினைத்தேன்.

ஜூலையில் நீ போன் செய்து, "அக்கா, நாள் தள்ளிப்போயிருக்கு, மூணு மாசம்" என்றாய். நான் கையில் போனை வைத்துக்கொண்டே விரல்விட்டு எண்ணினேன். எண்ணி முடித்ததும், "ரொம்ப சந்தோஷம்மா" என்றேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். அப்போதே ஒரு ஸ்கேன் எடுத்திருப்பார்கள், நீயாவது தயாராக இருந்திருப்பாய். ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆயிரத்தில் ஒன்றுக்குக்கூட வராது, நம் வீட்டுக்கா வரப்போகிறது என்று.

எனக்குக் காய்ச்சல் இல்லை. நான் வந்தேன், சிட்டு. குழந்தை பிறந்த ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரிக்கு வந்தேன். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். நீ எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாய். அவள் கட்டு வெள்ளையாக இருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு புள்ளி ஊறியிருந்தது. அதற்கு மேல் நிற்க முடியவில்லை. அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

சத்து இருந்திருந்தால் அவள் முதுகு மூடியிருக்கும் என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. எல்லாச் சாப்பாட்டையும் சரியாகச் சாப்பிட்ட தாய்க்கும் சில நேரம் இப்படி நடக்கிறது. ஆனால் இல்லை என்றும் சத்தியம் செய்ய முடியாது. அந்தச் சாக்கு எண் அரைத்த நாளைச் சொல்லும். வருடத்தின் நூறாவது நாள் வரை என்றால் சத்துப் போட்ட மாவு, நூற்றொன்றிலிருந்து போடாதது. ஏப்ரல் கடைசியில் நான் அனுப்பிய மூட்டை கிடங்கில் எவ்வளவு நாள் கிடந்தது என்று தெரியாது. இரண்டில் எதுவும் ஆகலாம். எதுவாக இருந்தாலும் சொல்லிவிடு. தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு நாள் மாவிலும் ஒரு சின்ன டப்பா எடுத்து ஒரு வருடம் அலமாரியில் வைப்பது மில் வழக்கம். வருடம் முடிந்ததும் நானே கொட்டிவிடுவேன். அடுத்த வாரம் அந்த அறுபத்தேழு டப்பாக்களின் முறை ஆரம்பிக்கிறது, நாளுக்கு ஒன்று. பதினோராம் தேதி டப்பாவைத் திறக்க வேண்டும் என்று நினைத்தாலே எனக்கு மயக்கம் வருகிறது.

என்னை என்ன வேண்டுமானாலும் சொல்.

அக்கா


ஏப்ரல் 17

உங்கள் கடிதம் வந்து எட்டு நாளாகிறது.

அன்று சாப்பாட்டு மேஜையில் வைத்து இரண்டு பேருக்கும் சத்தமாகப் படித்தேன். 'இல்லை' என்பதிலிருந்து கடைசி வரை, ஒரு வரி விடாமல். உங்கள் தம்பி எழுந்து செருப்பு மாட்டிக்கொண்டு போனார். உங்களைப் பார்க்கத்தான் பஸ் ஏறியிருக்கிறார். பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்தார். "நேர்ல பாத்தா என்ன பண்ணுவேன்னு தெரியல, அதான் வந்துட்டேன்" என்றார். அப்பா போனபிறகு உங்கள் சம்பளத்தில் படித்தவர். அன்று வாசற்படியில் உட்கார்ந்து அழுதார், குழந்தைக்காகவா உங்களுக்காகவா என்று நான் கேட்கவில்லை.

அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "என்னை ஏதாவது சொல்லிடு" என்றார். "என்ன சொல்றது அத்தை?" என்றேன். "பதினஞ்சு சொன்னேனே, அதுக்கு ஒண்ணாவது சொல்லு" என்றார். நான் சொல்லவில்லை. பிறகு அவராகவே, "அவளும் என் வயித்துல பொறந்தவதான்" என்றார்.

எண் என்னிடம் இருக்கிறது. பார்த்தேன், நூற்றொன்றுக்கு முன்னாலா பின்னாலா என்று எனக்குத் தெரியும். உங்களுக்குத் தரமாட்டேன்.

முன்னால் என்று எழுதினால், அப்பாடா என்று ஒரு மூச்சு விடுவீர்கள். பின்னால் என்று எழுதினால் அழுது தீர்ப்பீர்கள், அதிலும் ஒரு ஆறுதல் இருக்கிறது. இரண்டும் வேண்டாம். நான்கு குழந்தைகள் அக்கா. அதுவும் ஒரு ஆஸ்பத்திரியில், ஒரு வார்டில். மற்ற மூன்று பேரின் சாக்கு எண்ணை யாரிடம் கேட்டீர்கள்? அந்த மூன்று வீட்டிலும் ஒரு அத்தை இருப்பாள். அவளிடம் ஒரு பட்டியல் இருக்கும். அந்தப் பெண்கள் எந்த ஸ்டூலை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்களோ.

டப்பாவைத் திறக்க மயக்கம் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது எத்தனை டப்பாவைத் திறந்து கொட்டியிருப்பீர்கள்? ஒன்றையும் கொட்டாதீர்கள். உணவு ஆய்வு அலுவலகம் என்று ஒன்று இருக்கிறதாம், பெரிய சிஸ்டர் முகவரி கொடுத்தார். கீழே எழுதியிருக்கிறேன்.

மன்னிப்பைப் பற்றி நீங்கள் ஒன்றும் எழுதவில்லை. நல்லது. நானும் எழுதவில்லை.

சிட்டு


மே 28

சிட்டு,

உன் கடிதம் வந்தபோது ஒன்பதைக் கொட்டியிருந்தேன். பத்தாவது டப்பா கையில் இருந்தது, மூடி திறந்துதான் இருந்தது. மூடிவிட்டு என் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஐம்பத்தெட்டு டப்பா. ஒரே நாளில் எடுத்தால் அலமாரியில் இடைவெளி தெரியும். நாளுக்கு மூன்று, நான்கு என்று கொண்டுவந்தேன். வாசலில் பையைச் சோதிக்கும் காவலாளி பதினெட்டு வருடப் பழக்கம். "என்னக்கா, பை கனக்குது?" என்றார் ஒருநாள். "வயசாகுதுல்ல, பசி ஜாஸ்தி" என்றேன். சிரித்துவிட்டு விட்டார். அந்தச் சிரிப்புக்கும் நான் ஒருநாள் பதில் சொல்லவேண்டும்.

அறையில் ஜன்னல் மேடையில் அடுக்கினேன். முகம் கழுவும்போது முதுகுக்குப் பின்னால் யாரோ வரிசையில் காத்து நிற்பது மாதிரியே இருக்கும். போர்வை போட்டு மூடலாம் என்று எடுத்தேன். நீ மாவின்மேல் போட்ட துணியைப் பற்றி எழுதியது நினைவு வந்தது. போர்வையை மடித்துவைத்துவிட்டேன். அப்படியேதான் மூன்று வாரம் அவற்றோடு இருந்தேன்.

மே 12 அன்று பதிவேட்டின் நகலோடு ஆய்வு அலுவலகத்துக்கு எடுத்துப் போனேன். அங்கே இருந்தவள் உன் வயதுப் பெண். "நீங்களே செஞ்சு காட்டுங்க" என்று தட்டை நகர்த்தினாள். ஐம்பத்தெட்டுத் தடவை பரப்பி, தட்டி, சொட்டினேன். காலை பத்துக்கு ஆரம்பித்து மாலை வெளிச்சம் மங்கும்வரை. ஒன்றிலும் புள்ளி விழவில்லை. நடுவில் ஒரு தட்டில் விழுந்துவிடாதா என்று ஏங்கினேன் என்றால் நம்புவாயா? ஒரே ஒரு நாளாவது. நானே பார்த்து, நானே கையெழுத்துப் போட்ட நாள்கள் அவை. அப்படியும் ஏங்கினேன். கடைசியில் அந்தப் பெண், "எழுதுனது நீங்கதானா?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன். அதைத் தனித்தாளில் எழுதி வாங்கிக்கொண்டாள்.

மில்லைப் பத்து நாள் பூட்டினார்கள். மேலாளர்மேலும் என்மேலும் வழக்கு. எனக்கு வேலை போயிற்று. போகவேண்டியதுதான். பேக்கிங் பெண்கள் தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். "பதினெட்டு வருஷம் எங்களோட உக்காந்து சாப்பிட்டுட்டு எங்க அடுப்பையே அணைச்சிட்டியே" என்றாள் ஒருத்தி. உனக்கு முட்டைக்கோஸ் இலை சொன்னவள்தான். அவளுக்கும் மூன்றாம் மாதம். இத்தனை நாளாக அதை என்னிடம் சொல்லவில்லை, இப்போது திட்டும்போதுதான் சொன்னாள். புனல் நிறைந்த பிறகுதான் அவளுக்கு உண்டாகியிருக்கிறது. அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. இப்போது புனல் காலியானால் இயந்திரமே நின்றுவிடுகிற மாதிரி ஒரு கருவி பொருத்தியிருக்கிறார்களாம்.

பெரிய சிஸ்டர் கேட்டுவிட்டு, மற்ற மூன்று பேரில் சரி என்று சொன்ன இருவரைப் பார்த்தேன். ஒருத்தி பாதியிலேயே எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாத்திய கதவைப் பார்த்து மீதியைச் சொன்னேன். உள்ளே கேட்டிருக்கும். இன்னொருத்தியின் குழந்தை உயிரோடு இருக்கிறது. இரண்டு அறுவை சிகிச்சை ஆகிவிட்டது, காலில் உணர்வு இல்லை. அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப நான் அன்னிக்கு சைக்கிள்லேர்ந்து விழுந்ததால இல்லையா?" என்றாள். "இல்லம்மா" என்றேன். மறுபடியும் கேட்டாள். மறுபடியும் சொன்னேன். அவள் மாமியாரைக் கூப்பிட்டு, "இவங்க சொல்றதைக் கேளுங்க" என்று அவர் முன்னாலும் சொல்லவைத்தாள். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து என் மடியில் வைத்தாள். தண்டனையாக வைத்தாளா, வேறெதற்காகவா என்று எனக்குத் தெரியவில்லை. பிடித்துக்கொண்டிருந்தேன். என் கட்டைவிரலை வாயில் வைத்துச் சப்பினான்.

எண்ணை நான் இனிக் கேட்கமாட்டேன்.

தம்பியிடமும் அம்மாவிடமும் நான் எதுவும் சொல்லச் சொல்லவில்லை. இதற்கு நீ பதில் எழுத வேண்டும் என்றும் இல்லை.

அக்கா


ஆகஸ்ட் 9

அக்கா,

பதில் எழுத வேண்டும் என்றில்லை என்று எழுதியிருந்தீர்கள். அதனால் எழுதாமல்தான் இருந்தேன். அலமாரியில் வைத்து, வேறு வேலை பார்த்து, மறந்த மாதிரி இருந்தேன்.

அத்தை உங்களிடம் வரவேண்டும் என்கிறார். அவரை அடுத்த மாதம் உங்கள் தம்பி கொண்டுவந்து விடுவார். தெருமுனையோடு திரும்பிவிடுவேன் என்கிறார். திரும்பட்டும், வற்புறுத்தாதீர்கள். வழக்கில் உங்களுக்கு என்ன ஆகும் என்று தினமும் பேப்பர் பார்க்கிறார், பார்த்துவிட்டு மடித்து எனக்குத் தெரியாமல் வைக்கிறார். எனக்குத் தெரியும்.

நான் மாவு பிசைகிறேன். முந்தாநாள்தான் ஆரம்பித்தேன். துணி போட்டு மூடவில்லை, தட்டைக் கவிழ்த்து வைத்தேன். அவள் இன்னும் போகவில்லை அக்கா. கவுண்டரில் யார் கைக்குழந்தையோடு வந்தாலும் குழந்தையின் முதுகுப்பக்கம் என் கண் போகிறது. சிலர் முறைக்கிறார்கள். சாயங்காலம் வீட்டுக் கதவைத் திறக்கும்போது உள்ளே ஒரு ஆள் குறைவதும் தெரிகிறது, ஒரு ஆள் இருப்பதும் தெரிகிறது. பெரிய சிஸ்டரிடம் சொன்னேன். "இருக்கட்டும், துரத்தாதே" என்றார்.

மாத்திரை தினமும் போடுகிறேன். இப்போதைக்கு ஒன்றும் இல்லை, அதற்கு முன்னாலேயே போடவேண்டும் என்றுதானே நீங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தீர்கள். உங்கள் தம்பி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நான் விழுங்கும்வரை நிற்கிறார். வாயைத் திறந்து காட்டச் சொல்லாததுதான் பாக்கி.

எழுத வந்தது இதற்காக இல்லை.

சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அன்று காலையில் பெரிய சிஸ்டர் வெளிநோயாளிப் பிரிவு வாசலில் எனக்கு ஒரு நாற்காலி போட்டுக் கொடுக்கிறார். புதிதாகக் கல்யாணமானவர்கள் வந்தால் மாத்திரைச் சீட்டைக் கொடுத்து ஏன் என்று சொல்லவேண்டும், சாக்கில் எந்த வரியைப் படித்து வாங்கவேண்டும் என்று காட்டவேண்டும். டிக்கெட் கொடுத்துப் பழகிய கை, சுலபமாகத்தான் இருக்கிறது. நேற்று இருபது வயதிருக்கும் ஒரு பெண் வந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, சீட்டைப் பைக்குள் மடித்து வைத்துவிட்டு, போகிறபோக்கில் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைக்கா?"

இத்தனை மாதமாக இந்தக் கேள்வி வந்துவிடக் கூடாதென்றுதான் எல்லோரிடமும் குனிந்து பேசிக்கொண்டிருந்தேன். வந்தேவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஒண்ணு" என்றேன்.

"பையனா, பொண்ணா?"

"பொண்ணு."

சிரித்துவிட்டுப் போய்விட்டாள். அடுத்த சீட்டை எடுத்து வைத்தேன். அவள் போனபிறகும் நான் சொன்னதை மாற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றவில்லை.

இதை யாருக்காவது சொல்லவேண்டும் போல் இருந்தது. உங்கள் தம்பியிடம் சொன்னால் உடைந்துவிடுவார். அத்தையிடம் சொல்ல முடியாது. நேற்றிலிருந்து யோசித்துப் பார்த்துவிட்டேன். உங்களைத் தவிர வேறு ஆளில்லை.

சிட்டு